நீர் மாத்திரை என்பது ஒரே மாத்திரை அன்று

பழவேற்காட்டிலிருந்தும் ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு வருவோர், தாங்கள் உட்கொள்ளும் மருந்துகளைப் பெரும்பாலும் வேலையின் பெயராலேயே குறிப்பிடுவார்கள். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, நீர் மாத்திரை. பேச்சுக்கு இது போதும். ஆனால் நீர் மாத்திரை என்ற பெயரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது நான்கைந்து வகை மருந்துகள் அடங்கியிருக்கின்றன. அவை சிறுநீரகத்தில் வேலை செய்யும் இடம் வேறு, வலிமை வேறு, பக்க விளைவும் வேறு. ஒருவருடைய நீர் மாத்திரை இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அடுத்த வீட்டுக்காரருடைய நீர் மாத்திரை அதே பொட்டாசியத்தை ஏற்றிவிடும். இரண்டு நிலையுமே இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடியவை. கால் வீங்கிய உறவினருக்கு, "எனக்கு இதில்தான் வடிந்தது, நீயும் போட்டுப் பார்" என்று தம் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பது நல்ல மனத்தால் நடப்பதுதான். அது ஏன் ஆபத்து என்பதை விளங்க வைக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். எங்கள் வார்டில் 'உப்பு' என்ற சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. 'சிறுநீரில் உப்பு இறங்குகிறது' என்றால் பெரும்பாலும் அது புரதம். 'இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது' என்றால் அது யூரியா அல்லது கிரியேட்டினின். இவை இரண்டும் உண்மையில் உப்பே அல்ல. இக்கட்டுரையில் உப்பு என்று வருமிடமெல்லாம் சோற்றில் போடும் உப்பையே, அதிலுள்ள சோடியத்தையே குறிக்கிறோம்.

உப்பு போனால் நீர் போகும்

மீனை உப்பிட்டுக் கருவாடாக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புப் படிந்த மீனிலிருந்து நீர் தானாகக் கசிந்து வெளியேறும். உப்பு இருக்கும் பக்கம் நீர் நகரும் என்பதே அதன் அடிப்படை. உடலிலும் இதுவே விதி. உடலில் உப்பு தேங்கினால் நீரும் தேங்கும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும். நீர் மாத்திரைகளில் பெரும்பாலானவை நீரை நேரடியாக வெளியேற்றுவதில்லை. அவை உப்பை வெளியேற்றுகின்றன. நீர் அதன் பின்னே போகிறது. அதனால்தான் உப்புத் தின்றுகொண்டே நீர் மாத்திரை உட்கொள்வது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதைப் போன்றது என்று நோயாளிகளிடம் சொல்லி வருகிறோம்.

பழவேற்காடு ஏரியின் உப்பு ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்து சேர உப்பு குறையும், கோடையில் ஏறும், முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் கணக்கே மாறிவிடும். நம் இரத்தத்தின் உப்பு அப்படி ஏறி இறங்கினால் உயிர் தரிக்காது. அதைக் குறுகிய எல்லைக்குள் நிறுத்திவைப்பது சிறுநீரகங்களின் முதன்மையான வேலைகளுள் ஒன்று. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு வடிகட்டியும் அதனோடு இணைந்த ஒரு நுண்குழலும் ஆகும். நலமுள்ள ஒருவரின் வடிகட்டிகள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அந்த நீரில் கரைந்திருக்கும் உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அத்தனையும் வெளியேறிவிட்டால் அன்றே கதை முடிந்தது. ஆகவே நுண்குழல் வழிநெடுக உப்பையும் நீரையும் மீட்டு இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. இறுதியில் சிறுநீராக வெளிவருவது ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டுமே. வெளியேறும் உப்பு வடிந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

நான்கு வலைகள்

நுண்குழலை ஒரு குறுகிய கால்வாயாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் குறுக்கே ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வலைகள் கட்டியிருக்கின்றன. கால்வாயில் வரும் உப்புதான் மீன். முதல் வலை சுமார் 65 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிறது. இரண்டாவது வலை சுமார் 25 விழுக்காடு. மூன்றாவது ஐந்து விழுக்காட்டை ஒட்டி. நான்காவது, மிஞ்சிய இரண்டு மூன்று விழுக்காடு. ஒவ்வொரு வகை நீர் மாத்திரையும் இந்த நான்கில் ஏதேனும் ஒரு வலையைப் பழுதாக்கும் மருந்து. எந்த வலை என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் முதல் வலையைக் கிழிக்கும் மருந்தே மிக வலிமையானதாக இருக்க வேண்டும் அல்லவா? அங்கே வேலை செய்யும் அசிட்டசோலமைடு என்ற மருந்து நீர் மாத்திரைகளில் வலிமை குறைந்தது. காரணம், முதல் வலையில் தப்பிய உப்பை அடுத்துள்ள பெரிய இரண்டாவது வலை பிடித்துக்கொள்கிறது. ஆகவே வீக்கம் வடிய இதைத் தனியே தருவது அரிது. கண் நீரழுத்த நோய்க்கும், உயர்ந்த மலையேறுவோருக்கு வரும் உபாதைக்கும் இதைக் கூடுதலாகப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது வலை இருக்குமிடம் ஹென்லே வளைவு. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஃபுரோசமைடு, டார்செமைடு ஆகியவை இங்கே வேலை செய்கின்றன. இரண்டாவது வலையில் தப்பும் 25 விழுக்காட்டைத் தடுக்க அதற்குப் பின்னால் பெரிய வலை எதுவும் இல்லை. சிறிய இரண்டு வலைகள்தாம் உள்ளன. அவற்றால் அவ்வளவையும் தாங்க முடியாது. ஆகவே நீர் மாத்திரைகளில் வலிமை மிக்கவை இவையே. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலோடு வருபவருக்கு நரம்பு வழியே முதலில் செலுத்துவதும் ஃபுரோசமைடுதான். மாத்திரையாக விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும். சுமார் ஆறு மணி நேரம் நீடிக்கும். லேசிக்ஸ் என்ற அதன் பெயரே 'ஆறு மணி நேரம் நீடிப்பது' என்பதைச் சுட்டி வைத்தது என்பார்கள்.

இம்மருந்தின் இயல்பு ஒன்றைப் பலர் அறியார். குழலுக்குள் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் அது வேலை செய்யும். எட்டாவிட்டால் அரைகுறையாகக்கூட வேலை செய்யாது. சிறுநீரகம் தளர்ந்தவரின் குழலுக்குள் மருந்து குறைவாகவே போய்ச் சேரும். அதனால் அவருக்கு அளவைக் கூட்டித் தருகிறோம். "என் தம்பிக்கு 40, எனக்கு மட்டும் 100 ஏன்" என்ற கேள்விக்கு விடை இதுதான். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதால் பாதிப் பயன் கிடைக்கும் என்பதும் இவர்கள் விஷயத்தில் சரியன்று; சில வேளை பயனே இராது.

மூன்றாவது வலையில் வேலை செய்பவை தயசைடு வகை மருந்துகள்: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டாபமைடு, மெட்டோலசோன். அங்கே மீள்வது ஐந்து விழுக்காடு மட்டுமே என்பதால் இவற்றின் நீரிறக்கும் வலிமை நடுத்தரமானது. ஆனால் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இவை சிறந்தவை, விலையும் குறைவு. 1950களின் இறுதியில் முதல் தயசைடு வருவதற்கு முன் மருத்துவர்கள் நம்பியிருந்தது பாதரச ஊசியை. 1919இல் வியன்னா நகரில் ஆல்ஃபிரட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர், மேக நோய்க்காகப் பாதரச ஊசி பெற்ற நோயாளிக்குச் சிறுநீர் பெருகியதைக் கவனித்ததிலிருந்து அந்த வழக்கம் பிறந்தது. பாதரசம் சிறுநீரகத்துக்கே நஞ்சு. இன்று மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தயசைடை எளிதாக எண்ணுவோருக்கு இதை நினைவூட்டுவதுண்டு.

தயசைடு மருந்து உங்கள் மாத்திரைப் பையில் உங்களுக்குத் தெரியாமலேயே இருக்கக்கூடும். இரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கிறது. "நான் நீர் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை" என்று சொல்பவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அந்த 'எச்' இருக்கும். முதியோருக்கு, அதிலும் உடல் மெலிந்த மூதாட்டிகளுக்கு, இம்மருந்தால் இரத்தத்தில் சோடியம் அளவு மீறிக் குறைந்துவிடுவதுண்டு. கோடையில் சரியாகச் சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும் பாட்டி திடீரெனத் தடுமாறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே அழைத்து வாருங்கள்.

நான்காவது வலை அளவில் சிறியது. ஆனால் எங்களுக்கு மிகுந்த கவலை தருவது அதுவே. ஏனெனில் அங்கே நடப்பது பண்டமாற்று. ஒரு பங்கு உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது, மாற்றாகப் பொட்டாசியத்தைக் கால்வாயில் விட்டுவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது வலைகளை மருந்தால் பழுதாக்கினால் நான்காவது வலைக்கு வழக்கத்தைவிட அதிக உப்பு வந்து சேரும், பண்டமாற்றும் பெருகும், பொட்டாசியம் சிறுநீரில் கரைந்தோடும். ஃபுரோசமைடும் தயசைடும் உட்கொள்வோருக்குத் தசைச் சோர்வும், கெண்டைக்கால் குரக்குவலியும், சில வேளை இதயத் துடிப்புக் கோளாறும் வருவது இதனால்தான்.

இந்தப் பண்டமாற்றையே தடுப்பவை ஸ்பைரோனோலாக்டோன், எப்லெரெனோன், அமிலோரைடு ஆகியவை. இவற்றால் நீர் இறங்குவது கொஞ்சம்தான். ஆனால் பொட்டாசியம் உடலிலேயே தங்கிவிடும். இதயம் தளர்ந்தோருக்கு ஸ்பைரோனோலாக்டோன் ஆயுளைக் கூட்டுகிறது என்பதை 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று நிறுவியது. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்கும் இதுவே முதன்மை மருந்து. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதே மருந்தால் பொட்டாசியம் ஏறி, எவ்வித முன்னறிவிப்புமின்றி இதயம் நின்றுபோகக்கூடும். வலி இராது, வீக்கம் இராது. இரத்தப் பரிசோதனை ஒன்றே காட்டிக்கொடுக்கும். அண்டை வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது இந்த ஒரு மருந்தை மனத்தில் வைத்தே. மேலும் ஒன்று: ஆண்கள் சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோனால் மார்பு வலியும் வீக்கமும் வரும். கூச்சத்தால் சொல்லாமல், தாமே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மாற்று மருந்து தர இயலும்.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் முதல் வலையில் சர்க்கரையோடு உப்பையும் சிறிது தப்பவிடுகின்றன. சர்க்கரை நோய்க்காக வந்த இவை, 2019 முதல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பின், சர்க்கரை நோய் இல்லாத இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் தரப்படுகின்றன. இவற்றை நீர் மாத்திரை என்று யாரும் அழைப்பதில்லை. ஆயினும் நீரை இறக்கும் குணம் இவற்றுக்கும் உண்டு.

இரண்டு மாத்திரை ஏன்

ஃபுரோசமைடைப் பல மாதம் தொடர்ந்து உட்கொள்வோரின் மூன்றாவது வலை, தன்னிடம் வந்து குவியும் உப்பைப் பிடித்துப் பிடித்து நாளடைவில் பருத்துவிடுகிறது. முன்பு தப்பிய உப்பையும் இப்போது அது மீட்கிறது. "முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை" என்று நோயாளி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது மூன்றாவது வலையையும் தடுக்க மெட்டோலசோன் போன்ற தயசைடு ஒன்றைச் சில நாள்களுக்குச் சேர்க்கிறோம். இரண்டும் சேர்ந்தால் நீர் வெள்ளமாக இறங்கும். பொட்டாசியமும் சோடியமும் உடன் இறங்கும். எனவே அந்த இரண்டாவது மாத்திரை எத்தனை நாளுக்கு எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் மட்டுமே. சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி வாங்கித் தொடரக் கூடாது.

மருந்து கேளாமல் போவதற்கு அதைவிடப் பொதுவான காரணம் வேறொன்று. ஃபுரோசமைடு வேலை செய்யும் ஆறு மணி நேரம் கழிந்ததும், சிறுநீரகம் இழந்த உப்பை ஈடுகட்டக் கிடைத்ததையெல்லாம் பிடித்து வைக்கும். காலையில் மாத்திரை போட்டு இறக்கிய உப்பை, இரவில் ஒரு துண்டு கருவாடும் கருவாட்டுக் குழம்பும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. எல்லா உணவும் சேர்ந்து. உப்பிட்ட கருவாட்டை எத்தனை முறை கழுவினாலும் ஊறிய உப்பு முழுதும் போகாது. ஏரி மீனும் நண்டும் இறாலும் புதிதாகக் கிடைக்கும் ஊரில் வாழ்வோர், உப்பைக் குறைத்துச் சமைத்த புது மீனுக்கு மாறுவது மற்ற ஊராரைவிட எளிது என்பது எங்கள் கருத்து. கருவாடே தொழிலாக உள்ள வீட்டில் இதைச் சொல்வது எங்களுக்கும் எளிதாக இல்லை.

இதற்கு மாற்றாகக் கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதைச் சிலர் வாங்குகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோன் உட்கொள்வோரும் சிறுநீரகம் தளர்ந்தோரும் அதைத் தொடவே கூடாது. இளநீருக்கும் இதே எச்சரிக்கை. ஃபுரோசமைடு மட்டும் உட்கொண்டு பொட்டாசியம் குறைந்தவருக்கு இளநீர் நல்லது என்று நாங்களே சொல்லியிருப்போம். அதைக் கேட்ட பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அதுவே கேடாகலாம்.

நேரமும் வலியும் நோன்பும்

படகில் செல்லும் ஆண்களும், தண்ணீரில் குனிந்து கையால் இறால் பிடிக்கும் பெண்களும் வேலை நாளில் நீர் மாத்திரையைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஒதுங்க இடமில்லை என்பதே காரணம், குறிப்பாகப் பெண்களுக்கு. இது நியாயமான இடர்ப்பாடு. ஆனால் அதற்குத் தீர்வு மாத்திரையை விடுவது அன்று, நேரத்தை மாற்றுவது. விடியலில் கரை திரும்புபவர் திரும்பியதும் போடலாம். காலையில் இறங்கிப் பகலில் வீடு சேர்பவர் வந்ததும் போடலாம். மாலை நான்கு மணிக்குப் பின் போடுவதை மட்டும் தவிர்க்கவும். இரவுத் தூக்கம் கெடும், இருட்டில் எழுந்து நடக்கும் முதியோர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வர். எந்த நேரத்தில் தொழிலுக்குப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதற்கேற்ப எழுதித் தருகிறோம்.

வலை இழுத்துத் தோளும் முழங்காலும் வலிப்போர் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். இன்னொரு சங்கிலியும் உண்டு. ஃபுரோசமைடும் தயசைடும் யூரிக் அமிலத்தை ஏற்றுவதால் கால் பெருவிரல் சிவந்து வீங்கிக் கடுமையாக வலிக்கும். அந்த வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, அதனால் சிறுநீரகம் அடிபட்டு வருவோர் உண்டு. பெருவிரல் வலியும் உங்கள் நீர் மாத்திரையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று சொல்லி வையுங்கள்.

நோன்பு மாதத்தில் பகல் முழுதும் நீரருந்தாமல் இருக்கும் நோயாளிகள், நோன்பு தொடங்க இரண்டு வாரம் முன்பே எங்களைக் காண வேண்டும். சிலருக்கு நோன்பு திறந்த பின் மாத்திரை போடும்படி நேரத்தை மாற்றலாம். சிலருக்கு அளவைக் குறைக்கலாம். நோய் முற்றிய சிலரிடம் நோன்பைத் தவிர்க்கச் சொல்வோம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உணவும் நீரும் தங்காத நாளில், நீர் மாத்திரையையும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையையும் அன்று நிறுத்திவைத்து, அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்கவும். நீர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு ஊரில் உலவுகிறது. மருந்து கெடுப்பதில்லை, உடல் வறண்டு கிடக்கும் நாளிலும் அதை விடாமல் போடுவதுதான் கெடுக்கிறது.

வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பதற்குக் கண்ணைவிட எடையே நம்பத்தக்க சாட்சி. காலையில் சிறுநீர் கழித்த பின், உண்ணும் முன், ஒரே தராசில் பார்த்து எழுதி வாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு அன்று, நீர். உடனே தகவல் தரவும். நாள்தோறும் எடை குறைந்துகொண்டே போய், எழுந்தால் தலைசுற்றினாலும் அவ்வாறே. மீன் எடை போடும் தராசில் நின்று பார்த்து எழுதி வருவதிலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, தராசு மாறாதவரை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றின் அட்டைகளையும், எங்களிடம் வாங்கியவற்றையும், கடையில் வாங்கியவற்றையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும். ஸ்பைரோனோலாக்டோனைப் புதிதாகத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலும், நான்காவது வாரத்திலும் பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்காக இங்கேயே வர வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் செய்துகொண்டு முடிவைத் தொலைபேசியில் படித்துக் காட்டினாலும் போதும்.